சியோலுக்கு நானும் புவனேஸும்

12 ஜனவரி, ஞாயிறு

கிடைத்துவிட்டது! இரண்டு டிக்கெட்! பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் நிற்கும்போதே புவனேஸ் போனில் கத்தினாள். "கேத்லீன், மாட்டிருச்சுடி, மாட்டிருச்சு!" ஏப்ரல் ஐந்து, சியோல். எங்கள் உயிரான கொரியப் பாட்டுக் குழு, அந்த ஐந்து பசங்களையும் மேடையில் நேராகப் பார்க்கப்போகிறோம். பதினாலு வயதில், பாரம் இரண்டு படிக்கும்போது பள்ளி பஸ்ஸில் ஒரே இயர்போனை ஆளுக்கொரு காதில் மாட்டிக்கொண்டு அவர்கள் பாட்டைக் கேட்ட நாளிலிருந்து நாங்கள் பேசிக்கொண்டிருந்தது இதைத்தான்.

"பாட்டு கேக்கவா அவ்ளோ தூரம்? இங்க ரேடியோ இல்லியா?" என்றார் அப்பா. சிரித்துவிட்டேன். இன்று யார் என்ன சொன்னாலும் சிரிப்பேன்.

19 ஜனவரி, ஞாயிறு

டூரிஸ்டுகள் எல்லாம் இறங்கிப் போனபிறகு புவனேஸ் நான் வேலை செய்யும் எஸ்டேட் டீக்கடைக்கு வந்தாள். நான் மேசை துடைத்து முடிக்கும்வரை உட்கார்ந்திருந்தாள். பிறகு பிளான் போட்டோம். போட்டோம் என்ன, நான் போட்டேன். ஹோங்டேயில் தெருவில் ஆடுகிறவர்களைப் பார்ப்பது. அவர்கள் ஊர் உடை ஹான்போக்கை வாடகைக்கு எடுத்து உடுத்திக்கொண்டு அரண்மனைக்குப் போவது. நம் பசங்க பயிற்சி எடுத்த காலத்தில் சாப்பிட்ட கடையில் நாமும் சாப்பிடுவது. ஆற்றங்கரையில் செர்ரிப் பூ. எதைச் சொன்னாலும் அவள், "உன் இஷ்டம்லா" என்றாள்.

என் இஷ்டமா? பசங்க படம் போட்ட ஒரு போட்டோ அட்டைக்காக என்னோடு ஒரு வாரம் பேசாமல் இருந்தவள் இவள்.

போன நவம்பர் மழையில் திரிங்காப்பில் மண் சரிந்து அவர்களுடைய சாமந்திக் கொட்டகை முழுவதும் புதைந்தது. அதிலிருந்தே கொஞ்சம் அமைதிதான். அவள் அப்பா சின்னக்கருப்பன் அங்கிள் இப்போது கோலா தெர்லாவில் வேறொருவர் தோட்டத்தில் லோரியில் முட்டைக்கோஸ் ஏற்றுகிறார். அதை நினைத்துக்கொண்டிருப்பாள். நான்தான் தேவையில்லாமல் யோசிக்கிறேன்.

27 ஜனவரி, திங்கள்

"சியோல்லேருந்து நொன்சானுக்கு பஸ் இருக்கா?" என்று மெசேஜ். நொன்சான் எங்கே இருக்கிறது? தேடிப் பார்த்தேன். ஸ்ட்ராபெரித் தோட்டங்கள். இங்கேயே மலை முழுக்க ஸ்ட்ராபெரிதான். அதைப் பார்க்க கேமரன் மலைக்காரி கொரியாவுக்குப் போகணுமா?

8 பிப்ரவரி, சனி

பிரிஞ்சாங் டவுனுக்குக் குளிர்ச்சட்டை வாங்கப் போனோம். நான் சட்டை எடுத்தேன். அவள் ரப்பர் பூட்ஸ் எடுத்தாள். முழங்கால் வரைக்கும், கெபுனில் தோட்ட வேலைக்குப் போடுவது மாதிரி.

"எதுக்குடி இது?"

"அங்க மழை பேயுமாம்."

மழைக்குக் குடைதானே பிடிப்பாங்க?

16 பிப்ரவரி, ஞாயிறு

போன் வந்தால் வெளியே போய்ப் பேசுகிறாள். திரும்பி வந்து போனைக் கவிழ்த்து வைக்கிறாள். ஆள் இருக்கிறான். எவனோ கொரியாக்காரன், இணையத்தில் பிடித்திருக்கிறாள். அப்படியானால் நான் எதற்கு? வீட்டில் சொல்லிக்கொள்ள ஒரு சாக்கா?

கேட்டேவிட்டேன். "டிராமா பாத்துப் பாத்து உனக்குப் புத்தி கெட்டுப்போச்சு" என்றாள். சிரித்தாள்.

ஆனால் இல்லை என்று சொல்லவில்லை.

23 பிப்ரவரி, ஞாயிறு

ஆள் இல்லை. அதைவிட மோசம்.

இன்று அவள் வீட்டுக்குப் போனேன். பின்பக்கம் துணி துவைத்துக்கொண்டே கொரிய மொழி பழகிக்கொண்டிருந்தாள். நான் வந்தது தெரியாது. பாட்டு வரியாக இருக்கும், சேர்ந்து பாடிப் பயமுறுத்தலாம் என்று ஒட்டி நின்றேன். பாட்டு இல்லை. "சாஜாங்னிம், இடுப்பு வலிக்குது. சாஜாங்னிம், நாளைக்கு வேலை இருக்கா?" திரும்பத் திரும்ப அதையே சொன்னாள்.

இத்தனை வருஷம் கொரிய டிராமா பார்த்த எனக்கு இதுகூடவா தெரியாது? சாஜாங்னிம் என்றால் முதலாளி.

எந்தக் கச்சேரியில் போய் முதலாளின்னு கத்துவாங்க?

கூப்பிடாமலே திரும்பி வந்துவிட்டேன். பூட்ஸ். நொன்சான். எல்லாம் ஒன்றாக வந்து நிற்கிறது.

2 மார்ச், ஞாயிறு

கேட்டேன். தேயிலைக் கொழுந்துக் காட்டு வழியில், ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில் நிறுத்திக் கேட்டேன்.

"நீ திரும்பி வரப்போறதில்ல. அப்படித்தானே?"

ஒரு கொழுந்தைக் கிள்ளி எறிந்தாள். அப்புறம் எல்லாவற்றையும் சொன்னாள். வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்புகிற ஒருத்தன் ஈப்போவில் இருக்கிறானாம். டூரிஸ்டாகப் போய் அப்படியே நொன்சான் தோட்டத்தில் நின்றுவிடலாமாம். ரெண்டு வருஷம் ஒளிஞ்சு வேலை செஞ்சா அவள் அப்பாவுக்கு மறுபடி கொட்டகை போட்டுக் கொடுக்கலாமாம்.

"போலீஸ் பிடிச்சா?"

"பிடிக்க மாட்டாங்க."

"நான் எதுக்குடி இதுல?"

"தனியாப் போற பொண்ணத்தான் கேள்வி கேப்பாங்களாம். பாட்டுப் பைத்தியம் ஒருத்தி கூட இருந்தா விட்டுருவாங்கன்னு அந்த ஆளு சொன்னான்."

பைத்தியம். சரி. நான் பைத்தியம்தான். எனக்கு அந்த அஞ்சு பேர்னா உசுரு, அது ஊருக்கே தெரியும். அதை எடுத்து அவ முகத்துக்கு முன்னாடி பிடிச்சுக்கிட்டுப் போகப் பாத்திருக்கா. டிக்கெட் கிடைச்சப்ப கத்தினாளே, அது எதுக்காகக் கத்தினது? அதுவும் நடிப்பா? நான் அழுதேன். அவ அழல.

5 மார்ச், புதன்

போகமாட்டேன். டிக்கெட்டை விற்றுவிடப் போகிறேன்.

9 மார்ச், ஞாயிறு

விற்கவில்லை.

அவள் அம்மா, பவளம் ஆண்ட்டி, இன்று கடைக்கே வந்துவிட்டார். எங்கள் பயணத்துக்கு மாங்காய் ஊறுகாய் போட்டிருக்கிறாராம், போத்தல் உடையாமல் எப்படிக் கட்டுவது என்று கேட்டார். "நீ கூடப் போறேன்னுதாம்மா அவ அப்பா சரின்னாரு." என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். அவருக்கு ஒன்றும் தெரியாது. நான் வாயைத் திறந்தேன். டீ வேணுமா ஆண்ட்டி என்று மட்டும்தான் வந்தது.

நேரே புவனேஸிடம் போனேன். "என்கூட வந்து என்கூடத் திரும்பு. இல்லேன்னா இப்பவே உங்கம்மாகிட்ட சொல்லிருவேன்."

"சரி. உன்கூடயே போயி உன்கூடயே வரேன். அந்த ஆள்கிட்டயும் சொல்லிர்றேன். போதுமா?"

இவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொண்டாளே. அதுதான் இடிக்கிறது.

3 ஏப்ரல், வியாழன். சியோல்

வந்துவிட்டோம். நம்ப முடியவில்லை. ரயில் ஜன்னலில் எங்கு பார்த்தாலும் வெளிர் ரோஜா நிறத்தில் பூ.

ஏர்போர்ட்டில் அதிகாரி, எதற்கு வந்தீர்கள் என்றார். புவனேஸ் கச்சேரியில் ஆட்டுகிற நீல லைட்ஸ்டிக்கைத் தூக்கிக் காட்டி, பசங்க பேரைச் சொல்லி, துள்ளினாள். அவர் சிரித்துக்கொண்டே முத்திரை குத்தினார். எவ்வளவு நன்றாகத் துள்ளினாள்!

ரூமில் அவள் குளிக்கப் போனதும் அவள் பெட்டியைத் திறந்தேன். பூட்ஸ் இல்லை. நிம்மதியாக இருக்க வேண்டியதுதானே? இங்கே வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டுவந்தாளோ என்றுதான் தோன்றியது.

"பாஸ்போர்ட்டைக் குடு. நான் பத்திரமா வெச்சுக்கிறேன்" என்றேன். ஒரு வார்த்தை பேசாமல் எடுத்துக் கொடுத்தாள்.

5 ஏப்ரல், சனி

ஹான்போக் உடுத்தி எடுத்த போட்டோ எல்லாவற்றிலும் நான் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

கச்சேரி. விளக்கு அணைந்தது. மொத்தக் கூட்டமும் நீலக் கடலாகிவிட்டது. ஐந்து பேரும் நடந்து வந்தார்கள். நிஜமாக, எலும்பும் சதையுமாக. எனக்குக் கண்ணில் தண்ணீர். பக்கத்தில் திரும்பினேன். இருக்கிறாள். அடுத்த பாட்டு. திரும்பினேன். இருக்கிறாள். போனை எடுத்து ஏதோ தட்டுகிறாள். யாருக்கு?

நடுவில், "டாய்லெட் போயிட்டு வரேன்" என்று எழுந்தாள். பையையும் எடுத்துக்கொண்டாள். பை எதுக்கு? பின்னாலேயே போனேன். வெளியே சுவரோரம் நின்றேன். அப்போது உள்ளே அந்தப் பாட்டு ஆரம்பித்தது, பள்ளி பஸ்ஸில் நாங்கள் முதலில் கேட்டது. கூட்டம் முழுவதும் சேர்ந்து பாடுவது சுவரைத் தாண்டி வந்தது. பாதியில் அவள் வெளியே வந்தாள். என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

"நம்ம பாட்டு பாடறாங்க. நீ ஏன் இங்க நிக்கிற?"

அவள் பையைப் பார்த்தேன்.

"ஓடிருவேன்னு பாத்தியா?"

பையைத் தோளில் ஏற்றிக்கொண்டாள்.

"கேத்லீன், டிக்கெட் கிடைச்சப்ப நான் கத்துனது நெசம்டி. பாட்டு ஆசை, அப்பா கவலை, ரெண்டும் நெசம். அது ஏன் உனக்குப் புரிய மாட்டேங்குது?"

உள்ளே ஓடினோம். அதற்குள் பாட்டு முடிந்து கைதட்டிக்கொண்டிருந்தார்கள்.

8 ஏப்ரல், செவ்வாய்

வீடு. அவளும் வந்தாள். மலைப்பாதையில் பஸ் வளைந்து வளைந்து ஏறும்போது ஜன்னலில் சாய்ந்து தூங்கினாள். தூங்குவது மாதிரி இருந்தாளோ என்னவோ. எப்போதும் என் தோளில்தான் சாய்வாள். அவள் திரிங்காப்புக்குப் பஸ் மாறும்போது பாஸ்போர்ட்டைக் கொடுத்தேன். "தேங்ஸ்" என்றாள், கடையில் டீ வாங்கும் டூரிஸ்ட் சொல்வது மாதிரி.

"எப்படி இருந்துச்சு?" என்று அப்பா கேட்டார். நல்லா இருந்துச்சு என்றேன். என்ன பாட்டெல்லாம் பாடினார்கள் என்று கேட்டார். யோசித்துப் பார்த்தேன். வரிசையாகச் சொல்லத் தெரியவில்லை.

20 ஏப்ரல், ஈஸ்டர்

வாழ்த்து அனுப்பினேன். கட்டைவிரல் படம் ஒன்று வந்தது.

11 மே, ஞாயிறு

நான் செய்தது தப்பா? விட்டிருந்தால் நொன்சானுக்குப் போயிருப்பாள். இல்லை, சொன்னபடி என்னோடு திரும்பி வந்திருப்பாள். இரண்டில் எது என்று இனித் தெரிந்துகொள்ள முடியாது. நான்தான் அவளை ஒரு நிமிஷம்கூட விடவில்லையே.

15 ஜூன், ஞாயிறு

கியா பார்ம் சந்தையில் பவளம் ஆண்ட்டியைப் பார்த்தேன். ஒரு ஸ்டாலில் பூ கட்டிக் கொடுக்கிறார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"புவனேஸ் சிங்கப்பூர் போய்ச் சேந்துட்டாம்மா. ரூமெல்லாம் நல்லா இருக்காம். செடி வளக்கிற கம்பெனி, பெர்மிட்டு எல்லாம் முறைப்படி. செவ்வாக்கெழம பஸ் ஏத்திவிட்டோம். நீயும் வருவேன்னு பாத்தேன்."

போன செவ்வாய் நான் கடையில் மேசை துடைத்துக்கொண்டிருந்தேன்.

"உன்கிட்ட எல்லாம் சொல்லிட்டுத்தான் போறேன்னா. சொன்னாதானே?"

ஆண்ட்டி கையில் கட்டிக்கொண்டிருந்த பூ அப்படியே நின்றது. பதிலுக்காகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சொன்னா ஆண்ட்டி," என்றேன். "எனக்குத்தான் லீவு கிடைக்கல."