லைன் நன்றாகத்தான் இருக்கிறது

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். உங்கள் முட்டிவலி குறைந்ததா? தைலம் தேய்த்துவிடத் தங்கச்சியைக் கூப்பிடுங்கள், கூச்சப்பட வேண்டாம்.

கிடங்கில் இப்போது ஆள் குறைவு. அறைக்கு வந்தால் ஷூவைக் கழற்றக்கூடத் தெம்பு இருப்பதில்லை. அந்தக் கோலத்திலேயே உங்களைக் கூப்பிட்டால், வீடியோவில் சிலை மாதிரி ஆகிவிடுகிறீர்கள். நெட் நின்றுவிட்டது என்று நானும் போனை வைத்துவிடுவேன்.

போன வாரம் அறையில் உடன் இருக்கும் எலக்ட்ரீஷியன் தன் லேப்டாப்பில் கறுப்புத் திரை ஒன்றைத் திறந்து, ஒரே ஒரு வரிக் கட்டளை அடித்தார். நெட்டின் வேகத்தை அதுவே அளந்து சொன்னது. குறை ஒன்றும் இல்லை. அந்த வரியைத் தங்கச்சிக்கு அனுப்பி, நம் வீட்டிலும் அவள் லேப்டாப்பில் அடித்துப் பார்க்கச் சொன்னேன். அங்கேயும் வேகம் நன்றாகவே இருந்தது. அவள் போனில் சிரித்தாள்.

“லைன்ல ஒண்ணும் இல்லண்ணா. ஆடாதீங்க, படம் உடையுதுன்னு நீ எப்பவோ அம்மாகிட்ட சொன்னியாம். அதான் அம்மா வாயைக்கூடத் திறக்காம உக்காந்திருக்காங்க.”

நானும் சிரித்துவைத்தேன். நீங்கள் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எத்தனை முறை போனை வைத்திருக்கிறேனோ. போனில் சொன்னால் மழுப்பிவிடுவீர்கள் என்றுதான் எழுதுகிறேன்.

இனி ஆடுங்கள் அம்மா. படம் உடைந்தால் உடையட்டும். நான் கூப்பிடும்போது ஃபேனையும் போட்டுக்கொள்ளுங்கள். பேச ஒன்றும் இல்லாவிட்டாலும், உங்கள் முந்தானை அசைவதைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பேன்.

கிடங்கு வேன்காரர் ஹாரன் அடிக்கிறார்.

உங்கள் மூத்தவன்