நடுவில் கை தட்டினவள்

ஜூலை 6, சனி

சாயங்காலம் யாதவகிரி ஹாலில் பெங்களூர்க்காரர்கள் நாலு பேர் மேற்கத்திய சங்கீதம் வாசித்தார்கள். இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ. முதல் பகுதி முடிந்ததும் கை தட்டினேன். என்னை அறியாமல் "பேஷ்!" என்றும் சொல்லிவிட்டேன். ஹாலே திரும்பிப் பார்த்தது. ரசிகர் வட்டத்தை நடத்தும் வினய் ஓடி வந்தான்.

"ஆன்ட்டி, சும்னிரி, சும்மா இருங்க! நாலு பகுதியும் முடிஞ்சப்புறம்தான் தட்டணும். தொடைல தாளமும் வேணாம், ப்ளீஸ்."

பிரதிபா வீட்டுக்குள் நுழைந்ததும், "மானமே போயிடுத்தும்மா" என்றாள். பெற்ற பெண்! நான் என்ன திருடினேனா?

ஜூலை 7

கோபம் தீரவில்லை. சாம்பாரில் இரண்டு தடவை உப்புப் போட்டிருக்கிறேன்.

ஜூலை 11, வியாழன்

வினயிடமிருந்து வாட்ஸப். இன்னொரு தடவை இப்படி நடந்தால் என்னை வட்டத்திலிருந்து எடுத்துவிடுவானாம். கீழே சிரிக்கும் பொம்மை வேறு.

எனக்குத் தெரிந்து மைசூரில் இந்தச் சங்கீதத்தை நேரில் கேட்க வேறு இடம் கிடையாது. ஒரு வயலின் கேள்வி கேட்க, செல்லோ அடிக்குரலில் பதில் சொல்ல, நாலு பேரும் ஒரே நேரத்தில் பேசியும் ஒருத்தர் பேச்சை ஒருத்தர் வெட்டாமல்... அந்த அழகை விட எனக்கு மனசில்லை. அதற்காகக் கையைக் கட்டிக்கொண்டு உட்காரவும் முடியாது. என்ன செய்வேன்?

ஜூலை 19

நூலகத்தில் படித்தேன். அடேயப்பா! மோட்ஸார்ட் காலத்துப் பாரிஸில் வாசித்துக்கொண்டிருக்கும்போதே கை தட்டுவார்களாம். பிடித்ததைத் திரும்ப வாசிக்கச் சொல்வார்களாம். ஆப்பராவில் சீட்டுக்கூட ஆடியிருக்கிறார்கள்! இந்த உம்மணாமூஞ்சி மௌனமெல்லாம் அப்புறம் வந்தது. வினய்க்கு எல்லாவற்றையும் எழுதி அனுப்பினேன். படித்துவிட்டான். அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 2

"நாளைக்குக் கச்சேரிக்கு வரப் போறியா?" என்றாள் பிரதிபா.

"வருவேன்."

"தட்டுவியா?"

"தட்டுவேன்."

"அப்ப நான் தள்ளி உக்காந்துக்கறேன்."

உட்காரட்டுமே!

ஆகஸ்ட் 3, சனி

முதல் வரிசையில் உட்கார்ந்தேன். முதல் பகுதி முடிந்தது. தட்டினேன், நான் மட்டும். அந்தச் சத்தம் எனக்கே பயமாக இருந்தது; நிறுத்தவில்லை. வினய் எழுந்தான். அதற்குள் இரண்டாவது பகுதி ஆரம்பித்துவிட்டது.

மெதுவான பகுதி. செல்லோ தனியாகக் கீழே இறங்கிப் போயிற்று. மற்ற மூன்றும் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்துகொண்டன. பாதியில் பார்க்கிறேன், தாளம் போட்ட கை நின்றிருக்கிறது. எப்போது நின்றது? முடிந்ததும் எல்லாரும் என்னைத்தான் பார்த்தார்கள். கை எழவில்லை. வெட்கமில்லாமல் மூக்கை உறிஞ்சி உறிஞ்சி அழுதுகொண்டிருந்தேன்.

பக்கத்து நாற்காலியில் பிரதிபா வந்து உட்கார்ந்தாள். "பயந்துட்டியாம்மா?"

"போடி. தட்டத் தோணலை."

மூன்றாவது பகுதி ஒரே குதியாட்டம். முடிந்ததும் தட்டினேன். பக்கத்திலிருந்தும் சத்தம் கேட்டது.

ஆகஸ்ட் 4

வினய் எங்கள் இரண்டு பேரையும் வட்டத்திலிருந்து எடுத்துவிட்டான். இந்தத் தடவை சிரிக்கும் பொம்மை இல்லை.

பிரதிபா செப்டம்பரில் பெங்களூர்க் கச்சேரிக்கு டிக்கெட் எடுத்திருக்கிறாள். முதல் வரிசையாம்.