கோழித் தீவனத்தில் மத்தி வாசம்

நல்லேப்பிள்ளி,
வெள்ளிக்கிழமை

அன்பு மகள் சுஹைனாவுக்கு அம்மா ருக்கியா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ் கிருபையால் இங்கே எல்லோருக்கும் உடம்பு சுகம், மனசுக்குத்தான் சுகமில்லை. அந்த நார்வே குளிரில் நீ நலமாக இருக்க ஒவ்வொரு தொழுகையிலும் கேட்கிறேன். போனில் சொல்லலாம் என்றால் உன் குரல் கேட்டதும் அத்தா பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறார், அவரை வைத்துக்கொண்டே அவரைப் பற்றி எப்படிப் பேசுவது, அதனால்தான் எழுதுகிறேன்.

போன லீவில் வந்தவள் சாப்பிட்டுத் தூங்கிவிட்டுப் போயிருக்கலாம். நம் மீன்கடையில் உட்கார்ந்து, நீ படித்த கடல் பாடத்தை அத்தாவுக்கு நடத்தினாய். கண்ணுக்குத் தெரியாத பாசியையும் பூச்சியையும் மத்தி தின்கிறது, மத்தியைச் சூரையும் நெய்மீனும் தின்கின்றன, அவற்றைச் சுறா தின்கிறது, குஞ்சு மத்தியை அள்ளிவிட்டால் மேலே உள்ளதெல்லாம் பட்டினி என்றாய். அவர் தலையாட்டிக் கேட்டபோது எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. நீ விமானம் ஏறினாய், இங்கே ஆரம்பித்தது. கடற்கரையிலிருந்து மீன் கொண்டுவரும் ஜோஜோவின் வண்டியில் குஞ்சு மத்தி இருந்தால் பெட்டியையே இறக்கவிடுவதில்லை. அவன் எத்தனை நாள் பொறுப்பான், பக்கத்துக் கடையில் இறக்கிவிட்டுப் போகிறான். வாடிக்கைக்காரர்கள் "ஏனுங்க பாய், இன்னைக்கும் மத்தி இல்லீங்களா" என்று கேட்டுவிட்டு அங்கே நடக்கிறார்கள். போகிறவர்களையும் நிறுத்தி உன் பாடத்தைச் சொல்கிறார். கடலே இல்லாத ஊரில் கடலுக்காக மல்லுக்கட்டுகிற ஒரே ஆள் உன் அத்தாதான்.

கடை காற்றாடியதும் உன் அண்ணன் அஷ்ரஃப் வீட்டுக்குப் பின்னால் கோழி ஷெட் போட்டான். அத்தாவுக்கும் சந்தோஷம்தான், தீவன மூட்டையைப் பிரிக்கும் வரை. ஒரு கை அள்ளி மோந்து பார்த்தார், மீன் விற்ற மூக்கு அல்லவா, முகமே மாறிவிட்டது. விற்ற ஆளைக் கூப்பிட்டுக் கேட்டால், ஆமாம், குஞ்சு மீனைக் காயவைத்து அரைத்துக் கலப்பதுதான் என்கிறான். "நெய்மீன் திங்க வேண்டியதக் கோழிக்குப் போடறியாடா" என்று கத்தினார். "கடல்ல இருக்கற சுறாவுக்குச் சோறு வேணும், ஊட்டுல இருக்கற எம் புள்ளைகளுக்கு வேண்டாமுங்களா அத்தா" என்று இவன் திருப்பிக் கேட்டான். அன்றிலிருந்து பேச்சுவார்த்தை இல்லை. ஒருத்தர் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் இன்னொருத்தர் உட்காருகிறார், நடுவில் நான் சோறு சூடாக்கிக்கொண்டே இருக்கிறேன். இரண்டு பேர் சொல்வதும் எனக்கு நியாயமாகப் படுகிறது, அதுதான் பெரிய எரிச்சல்.

புதன்கிழமை அத்தா கண் காட்டக் கோயம்புத்தூர் போயிருந்தார். கடையில் அஷ்ரஃப். நான் அவனுக்கு டீ கொண்டுபோன நேரம் ஜோஜோ வண்டி வந்தது. இவன் இறக்கச் சொன்னான். பெட்டியைத் திறந்தால் மத்தி ஒவ்வொன்றும் என் சுண்டுவிரல் அளவுகூட இல்லை, கண் மட்டும்தான் பெரிதாகத் தெரிந்தது. இத்தனை வருஷம் மீன் அறுத்தவள் நான், சினை என்பதையே அறியாத அந்த வயிற்றில் கத்தியை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. "பாய் வரதுக்குள்ள வித்துப்போடலாமுங்க" என்றான் ஜோஜோ. "எடுத்துட்டுப் போங்க தம்பி" என்று சொல்லிவிட்டேன். "நீங்களுமாம்மா?" என்று கேட்டான் அஷ்ரஃப். டீயை அவன் பக்கத்தில் வைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மத்தியானம் தலை நிமிராமல் சாப்பிட்டான். கை கழுவும்போது, "மீன் சேக்காத தீவனத்துல கோழி தேறுமான்னு உங்க புள்ளையவே கேட்டுச் சொல்லச் சொல்லுங்க" என்றான். ஆக, பாடம் நடத்தியவளே இதற்கும் வழி சொல். உனக்குத் தெரியாவிட்டால் தெரிந்தவர்களைக் கேள். சொல்லும்போது அவன் அண்ணன் என்பதை மறந்துவிடாதே, பணிவாகச் சொல்.

அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளையும் நல்ல புத்தியையும் தரட்டும். தலைக்கு ஈரம் காயாமல் வெளியே போகாதே. நான் பெட்டியைத் திருப்பி அனுப்பியதை அத்தாவிடம் சொல்லிவிடாதே, தான் ஜெயித்ததாக நினைத்துக்கொள்வார். நான் அவர் பேச்சைக் கேட்டுச் செய்யவில்லை, அந்த மீனைப் பார்த்துச் செய்தேன்.

இப்படிக்கு,
உன் மேல் இன்னும் கோபம் தீராத அம்மா,
ருக்கியா தாவூத்