ரப்பர் இலைப் போர்வை

1944 சனவரி 16, ஞாயிறு

மழை விட்டதும் தோட்டத்திலிருந்து கூலாய்ப் பட்டணத்துக்கு நடந்தேன். மருந்துக்கடைச் சீன அம்மாவிடம் குளிர் காய்ச்சலுக்கான கொயினா மாத்திரை இருக்கிறது என்று ஊரே பேசுகிறது. யார் கேட்டாலும் இல்லை என்பாள். எனக்கும் அதைத்தான் சொன்னாள். சொல்லிவிட்டு என் தோளில் தொங்கிய பையைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். துண்டுத் துணிகளைச் சேர்த்து நான் தைத்தது. யார் தைத்தது என்றாள். நான்தான், வேறு யார்?

அவள் மருமகளுக்குக் குழந்தை பிறந்திருக்கிறது. பல வீட்டுத் துணியை வாங்கி ஒரே போர்வையாகத் தைத்துப் போர்த்தினால் அத்தனை வீட்டு ஆயுளும் பிள்ளைக்குச் சேருமாம். அவர்கள் வழக்கம். பிள்ளைக்கு மாதம் நிறையும் நாளுக்குள் அப்படி ஒரு போர்வை தைத்துக் கொடு, கொயினா தருகிறேன் என்றாள்.

வீட்டுக்கு வந்தால் என் வீட்டுக்காரர் பல் கிட்டி நடுங்கிக்கொண்டு கிடக்கிறார். ஒரு நாள் விட்டு ஒரு நாள் குளிர் காய்ச்சல். பப்பாளி இலை, நிலவேம்பு எல்லாம் கொடுத்தாயிற்று. கொயினா இல்லாமல் இந்த உடம்பு அதிக நாள் தாங்காது என்று தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெஸ்ஸர் சொல்லிவிட்டார்.

தாங்கும். நான் தைக்கிறேன்.

சனவரி 17

எங்கள் லயத்து வரிசையில் வீடு வீடாகப் போய்த் துணி கேட்டேன். உடுத்தவே கந்தல், இவளுக்குப் போர்வை ஒரு கேடா என்று சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே கொடுக்கவும் செய்தார்கள். கைலி ஓரம், கிழிந்த ரவிக்கை, பாவாடைத் தும்பு. வெள்ளைத் துணியாக, ஜப்பான் சண்டைக்கு முன்னால் வந்த கோதுமை மாவுப் பை ஒன்று பக்கத்து வீட்டுச் சொர்ணம் அக்காவிடம் கிடைத்தது.

சனவரி 19

வெறும் கட்டம் கட்டமாகத் தைக்க எனக்குப் பிடிக்காது. அதை யாரும் தைப்பார்கள். காலையில் வாசற்படியில் உட்கார்ந்து எதிரே நின்ற ரப்பர் பால்மரத்தையே பார்த்தேன். ஒரு காம்பில் மூன்று இலை. எந்த மரத்திலும் மூன்றுதான். இத்தனை வருசம் பால் வெட்டியும் அதை ஒரு நாளும் நின்று பார்த்ததில்லை.

தரையில் கரியால் வரைந்தேன். ஒவ்வொரு கட்டத்திலும் மூன்றிலைக் கொத்து, பச்சைத் துணியிலும் காப்பிக்கொட்டை நிறத்திலும். இலைகளுக்கு நடுவே வெள்ளை வெளேரென்று பால் சொட்டு. மேல் மூலையிலிருந்து கீழ் மூலை வரை சாய்வாக, மரத்தில் வெட்டு இறங்குகிற மாதிரியே, சொட்டுச் சொட்டாக. இப்படி ஒரு போர்வை கூலாயில் எவளிடமும் இருக்காது.

சனவரி 25

கடையில் நூல் கிடையாது. அன்னாசி இலையைச் சுரண்டி நார் எடுத்துத் திரிக்கிறேன். விரலெல்லாம் வெட்டு. ஆனால் நார் நன்றாகப் பிடிக்கிறது.

பிப்ரவரி 2

அவர் கஞ்சியையும் தள்ளிவிட்டார். கண் மஞ்சளாக இருக்கிறது. தைத்தேன்.

பிப்ரவரி 8

தைத்து முடித்த போர்வையை மருந்துக்கடையில் விரித்ததும் அந்த அம்மா இரண்டடி பின்னால் போனாள். தொடவே இல்லை. "பூத்தே தா போலே." வெள்ளை கூடாதாம். வெள்ளை அவர்களுக்குச் சாவுத் துணியாம். பிறந்த பிள்ளை மேல் அதைப் போடுவார்களா என்று சத்தம் போட்டாள். இது பால், எங்களுக்குச் சோறு போட்ட பால் என்று எனக்குத் தெரிந்த மலாயில் சொல்லிப் பார்த்தேன். வெள்ளிக்கிழமை மாதம் நிறைகிறது, உன் போர்வை வேண்டாம் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வழியெல்லாம் ஆத்திரம். பாலுக்கு என்ன குறை? எங்க வீட்ல நல்ல காரியத்துக்கு மொதல்ல பொங்குறதே அதானே. அவ வீட்டுச் சாவு எனக்கு எப்படித் தெரியும்?

சொர்ணம் அக்கா சீனர் வீட்டில் வேலை செய்தவள். அவளுக்குத் தெரிந்திருக்கிறது. ஏன் சொல்லவில்லை என்று கத்தினேன்.

"மாவுப் பைய குடுக்கும்போதே சொல்ல வந்தேன். நீ யாரு சொல்றத கேட்டிருக்க, வள்ளி?"

போர்வையைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்குள் போனேன்.

பயமாக இருக்கிறது. அவர் தூங்குகிறாரா, மயங்கிக் கிடக்கிறாரா என்று நாலு தடவை மூக்கில் விரல் வைத்துப் பார்த்துவிட்டேன்.

பிப்ரவரி 9

பிரித்துத் தைக்க நாள் இல்லை. வேறு துணியும் இல்லை. காலையிலிருந்து அந்தச் சொட்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு முனை கூர், ஒரு முனை உருண்டை. நடுவில் ஒரு நரம்பு ஓட்டினால்? இலை. சின்ன இலை. நிறம்தான் வேண்டும்.

லயத்துக் கோடியில் மருதாணிச் செடி நிற்கிறது. எழுந்து ஓடினேன்.

பிப்ரவரி 10

மருதாணியைக் கொட்டைப்பாக்கோடு கெட்டியாக அரைத்து, போர்வையின் ஒவ்வொரு வெள்ளைச் சொட்டின் மேலும் அப்பினோம், நானும் சொர்ணம் அக்காவும். கல்யாணப் பெண்ணுக்குக்கூட நான் இவ்வளவு கவனமாக வைத்ததில்லை. பக்கத்துத் துணியில் படக்கூடாதே என்று அக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டு வைத்தாள். முந்தாநாள் கத்தினதற்கு மன்னிச்சுக்க அக்கா என்றேன். குச்சியைப் பார்த்து வை என்றாள்.

பிப்ரவரி 11, வெள்ளி

விடிந்ததும் அலசினேன். ஒரு சொட்டு செங்கல் நிறம், ஒன்று ஆரஞ்சு, ஒன்று பாதி சிவந்து பாதி வெளுப்பு. ஒரே மாதிரி வரவில்லை. நிமிர்ந்தால் தோட்டம் முழுக்க இலையுதிர் காலம். மரத்து இலைகளும் அப்படித்தான் ஒவ்வொன்றும் ஒவ்வொரு சிவப்பாக நின்றன. நான் வரைந்ததைவிட இது நன்றாக இருக்கிறது. ஒத்துக்கொள்கிறேன்.

வெளுத்துத் தெரிந்த இடமெல்லாம் நரம்புத் தையலில் மறைந்தது. அடுப்புச் சூட்டில் உலர்த்திக்கொண்டு ஓடினேன். அவர்கள் வீட்டில் மாதம் நிறைந்ததற்குச் சிவப்புச் சாயமிட்ட முட்டை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அந்த அம்மா ஒவ்வொரு இலையாகத் தடவிப் பார்த்தாள். "சந்தெக்" என்றாள். அழகாம். தெரியும் என்று தமிழில் சொன்னேன். உள்ளே போய்க் கொயினாவைத் தாளில் மடித்து எடுத்து வந்து, இரண்டு கையாலும் கொடுத்தாள்.

பிப்ரவரி 13

காய்ச்சல் வந்தது. சீக்கிரம் விட்டது.

பிப்ரவரி 15

இன்று வரவேண்டிய நாள். வரவில்லை. சாமி, நாளை மறுநாளும் வரக்கூடாது.

பிப்ரவரி 17

வரவில்லை.

பிப்ரவரி 27, ஞாயிறு

துணிக்கடைச் சீனர் வீட்டிலும் போர்வை கேட்கிறார்கள். என்ன நிறம் ஆகாது என்று முதலிலேயே கேட்டுக்கொண்டேன். இந்தத் தடவை அன்னாசி. தரையில் கரியால் வரைந்துகொண்டிருந்தபோது நிழல் விழுந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு அவர் நிற்கிறார். தானாக எழுந்து, தானாக நடந்து. குனிந்து ரொம்ப நேரம் பார்த்தார்.

"அந்த எல கோணலா இருக்கே, வள்ளி."

என் வேலையில் கோணல் என்று வேறு யாராவது சொல்லியிருந்தால் நடப்பதே வேறு. அவர் போய் வெயிலில் உட்கார்ந்தார். நாளைக்கும் எழுந்து வந்து சொல்லட்டும் என்று அந்த இலையைத் திருத்தாமல் விட்டுவிட்டேன்.