ஜீப் போன பிறகு

தாயில்பட்டி,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் ஸ்ரீமதிக்கு அப்பா எழுதுவது. இருக்கன்குடித் தாய் புண்ணியத்தில் நானும் அம்மாவும் சுகம், அயர்லாந்துக் குளிரில் நீயும் அப்படியே இருக்க வேண்டும். போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனை அரிசிப் பானைக்குள் போட்டு மூடிவிட்டுத்தான் எழுதுகிறேன்.

சித்திரையில், நல்ல நேரம் பார்க்க ஒரு காலண்டர் ஆப் போட்டேன். மைக்கைக் கேட்டது, நம்பர்களைக் கேட்டது, எல்லாவற்றுக்கும் சரி என்று அமுக்கினேன். ஆப் கடைக்கு வருவதைச் சோதித்து விடுகிற வேலையில் என் மகளே இருக்கிறாள் என்ற திமிர்தான். பட்டாசுக் கம்பெனியில் மருந்து செலுத்துகிற கற்பகவல்லி, காலண்டருக்கு எதுக்கு மைக்கு அண்ணாச்சி என்று கேட்டாள். எம்மக பாத்து விட்டதுதான், தைரியமாப் போடுங்க என்று போர்மேன் அதிகாரத்தில் சொல்லி நாற்பது பேரையும் போட வைத்தேன்.

மூன்று வாரம் முன்பு வியாழக்கிழமை சாயங்காலம் நீ கூப்பிட்டாய். உன் குரல்தான், உன் செருமல்தான், மூச்சுக்கு முந்நூறு தரம் யப்பா என்கிறதும் நீதான். கொஞ்சம் பேசிவிட்டு, மருந்து ரூம் சாவி யாரிடம், எப்போது திறப்பீர்கள் என்றாய். என்னிடம்தான், ஆறரைக்கு என்றேன். அப்போது அடுப்படியில் அம்மா சிரிக்கிற சத்தம். எட்டிப் பார்த்தால் அவள் போனில், வீடியோவில், நீ வாய் நிறையச் சோறோடு இருக்கிறாய், என் காதிலும் நீ பேசிக்கொண்டிருக்கிறாய். என்னப்பா, அடுப்படிக்கு வந்துட்டீகளா என்றது அது.

அம்மாவிடம் சொல்லவில்லை. மைக் வழியாக நம் பேச்சைக் கேட்டு உன் குரலை எடுத்துக்கொண்டது அந்தக் காலண்டர் ஆப்தான் என்று பட்டது. மறுநாளே பூட்டை மாற்றி, எல்லோரையும் ஆப்பை எடுக்கச் சொல்லி, ஸ்டேஷனிலும் எழுதிக் கொடுத்தேன். என்னத்தைச் சோதித்தாய் என்று உன்மேல் கோபம் வந்தது. பிறகு யோசித்தேன், ஆய்வு ஜீப் வருகிற அன்று எங்கள் ரூமில் சட்டப்படி நாலு பேர்தான் உட்கார்ந்திருப்பார்கள், ஜீப் ரோட்டில் ஏறியதும் ஓடைக்குள் ஒளிந்து நிற்கிற மிச்ச நாலு பேரை நானே கைகாட்டிக் கூப்பிடுவேன். அந்த ஆப்பும் உங்கள் முன்னால் ஒழுங்காக உட்கார்ந்திருந்துவிட்டு, நீங்கள் பாஸ் போட்ட பிறகு கெட்டதை வெளியிலிருந்து வரவழைத்திருக்கும். ஒரு தரம் பார்த்ததோடு விடாமல், சொல்லாமல் போய்த் திரும்பத் திரும்பப் பார்க்கச் சொல் உங்கள் ஆபீசில். நானும் இனி ரூமுக்கு நாலு பேர்தான் என்று சொல்லிவிட்டேன், முதலாளி முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறார்.

இன்னொன்று, கோபப்படாதே. சாவியைக் கேட்பதற்கு முன்னால் அது என் முட்டி வலியைக் கேட்டது. ராத்திரி தூங்குனீகளா, எண்ணெய் தேச்சீகளா என்று நிதானமாகக் கேட்டது. நீ கேட்டு எம்புட்டு நாளாச்சு. பூட்டை மாற்றிவிட்டேன், ஆனாலும் வியாழக்கிழமை சாயங்காலமானால் அந்தப் போன் வராதா என்றிருக்கிறது, தாயே.

நூறு வயது நல்லபடியாக இரு. தபால் எத்தனை நாளானாலும் சரி, பதிலை உன் கையால் எழுது. போனில் சொல்லாதே, சொல்வது யார் என்று எனக்குத் தெரியாது.

இப்படிக்கு,
உன் அப்பா மாரிசாமி