போர்ச்சில் விளக்கு எந்தப் பக்கம்?

கிள்ளான்,
ஞாயிறு காலை.

அன்புள்ள ரமணிக்கு,

நான் நலம். நீ நலமா என்பதை உன் அக்கா இராஜம்மாவிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. போன் செய்தால் எடுப்பதில்லை. நீ போய் இருக்கும் உன் அக்கா வீடு, கேரி தீவு, என்ன கடல் கடந்த தேசமா? பாலத்தைத் தாண்டினால் வந்துவிடும். ஆனால் நான் வந்தால் நீ அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறாய். அதனால்தான் இந்தக் கடிதம். உன் தம்பி முகுந்தன் கொண்டுவருவான். கிழிப்பதானாலும் படித்துவிட்டுக் கிழி.

முதலில் நல்ல சேதி. கார் போர்ச்சில் வயர் மாற்றும் வேலை முடிந்த மாதிரிதான். தீயில் கரி பிடித்த சுவரைச் சுரண்டி வெள்ளை அடித்தாயிற்று. அங்கே ஒரே எக்ஸ்டென்ஷன் வயரில் உன் தையல் மெஷின், அயர்ன் பெட்டி, ஐஸ் பெட்டி எல்லாம் ஓடினால் பிளக் கொஞ்சம் சுடத்தான் செய்யும் என்று தீப்பிடிக்கும் முன் நான் சொன்னதை ஊரெல்லாம் சொல்லிக் காட்டினாயாம். இனி அந்தப் பேச்சே வேண்டாம். இப்போது போட்டிருப்பது வேறு ரகம். வெளியே செம்புக் குழாய், உள்ளே இறுக அடைத்த வெள்ளைத் தூள், அதற்கு நடுவே கம்பி. நெருப்பில் போட்டாலும் எரியாது. பிரிக்பீல்ட்ஸ் பக்கம் பெரிய கட்டடங்களுக்கு வயரிங் செய்யும் வாசுதான் வேலை பார்த்தான். வீட்டுப் போர்ச்சுக்கு யாரும் இதைப் போடுவதில்லை என்று முதலில் சிரித்தான். என் மனைவி பயந்து போயிருக்கிறாள், நீ போடு என்றேன்.

நடுவில் ஒரு கூத்து. உள்ளே அப்படி என்னதான் இருக்கிறது என்று பார்க்க, வாசு மூடி வைத்திருந்த முனை ஒன்றை நான் திறந்துவிட்டேன். சாயந்திரம் நல்ல மழை. மறுநாள் அவன் சோதித்துப் பார்த்தால் அந்த லைன் தேறவில்லை. தூள் ஈரத்தை இழுத்துக்கொண்டதாம். ஈரம் ஏறிய அளவுக்கு வெட்டி எறிந்துவிட்டு முனையைப் புதிதாக மூடினான். வெளியே பார்த்தால் செம்பு பளபளவென்று அப்படியே இருந்தது. நெருப்புக்கே அசையாதது கொஞ்சம் ஈரத்துக்கு எப்படிக் கெட்டுப்போகும்? அவன் இரண்டு முறை விளக்கியும் எனக்குப் புரியவில்லை.

எனக்குப் புரியாதது அது மட்டுமில்லை. போன வாரம் ஒரே ஒரு தடவை போனை எடுத்தாய். வயர் மாற்றுகிறேன் என்று ஆசையாகச் சொன்னேன். நீ கேட்டது இன்னும் காதில் இருக்கிறது.

"அந்தப் புகையிலயும் கார் சாவி எங்க இருக்குன்னு உங்களுக்குத் தெரிஞ்சிச்சி. நான் எங்க இருக்கேன்னு ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

நான் ஏன் கேட்க வேண்டும், ரமணி? நீ தையல் மெஷினில் இருக்கிறாய் என்று எனக்குத் தெரியும். சமையலறைக் கதவு வழியாகத் தப்பி வந்துவிடுவாய் என்றும் தெரியும். வந்துவிட்டாயே. கதவின் தாழ்ப்பாள் உன் கையைச் சுட்டதை முகுந்தன் சொல்லித்தான் பிறகு அறிந்தேன். காரில் பெட்ரோல் நிறைய இருந்தது. அது பற்றியிருந்தால் வீடே போயிருக்கும், அதனால் அதை முதலில் வெளியே எடுத்தேன். யாராக இருந்தாலும் அப்படித்தான் செய்வார்கள். இதையே உன் அக்காவிடமும் சொன்னேன். அவர் குடிக்கத் தண்ணீர் கொடுத்தார். பயம் என்றால் அதற்கு வழி செய்துவிட்டேன். கோபம் என்றால் எதற்கு என்று விளங்கவில்லை.

நேற்று வாசு கடைசி வேலையாக விளக்கு மாட்ட வந்தான். ஏணியில் நின்றுகொண்டு கேட்டான்.

"அண்ணே, அக்கா எந்தப் பக்கம் பார்த்து உக்காருவாங்க? கை நிழல் துணியில விழாம லைட் வைக்கணும் லா."

இது ஒரு கேள்வியா என்று வாயைத் திறந்தேன். எனக்கே அது தெரியவில்லை. கார் நிற்கும் இடத்தைக் கண்ணை மூடிக்கொண்டு காட்டுவேன். உன் மெஷின் சுவரைப் பார்த்து இருந்ததா, வாசல் கேட்டைப் பார்த்தா? கப்பல் போர்ட்டில் வேலை முடிந்து வந்து தினமும் உன்னைத் தாண்டித்தான் உள்ளே போனேன். தாண்டும்போது பார்த்தது உன் முகமா முதுகா என்பதுகூட நினைவில் இல்லை. வாசு ஏணியில் காத்துக்கொண்டே இருந்தான். கேட்டுச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். வெறும் போர்ச்சில் இந்த மூலையில் நின்றேன், அந்த மூலையில் நின்றேன். எங்கே நின்றாலும் நீ இருந்த இடம் என்று தோன்றவில்லை. எனக்குப் பயமாக இருந்தது.

அந்த ஒரு விளக்கு மட்டும் மாட்டாமல் கிடக்கிறது. முனையை வாசு மூடிவிட்டுப் போயிருக்கிறான், இந்தத் தடவை நான் தொடவில்லை. கார் தெருவோரம் மழையில் நிற்கிறது, நிற்கட்டும். திரும்பி வந்தே தீர வேண்டும் என்று நான் எழுதவில்லை. ஒரு நாள் வா. நீ எங்கே உட்கார்ந்திருந்தாய் என்று மட்டும் எனக்குக் காட்டிவிட்டுப் போ.

உன் கைக்காயம் சீக்கிரம் ஆற வேண்டிக்கொள்ளும்,
ஜெயராஜ்