நீங்கள் கிள்ளிய கால்

என்னங்க,

இன்று மருத்துவமனையில் நம் பேரனின் மேல்தாடையை என் உள்ளங்கையில் வைத்தார்கள். பிளாஸ்டிக்கில் அச்சடித்தது, ஒரு பேரீச்சம்பழ அளவுதான். நம் மகள் கயலைப் போலவே அவள் மகனுக்கும் உதடும் அண்ணமும் பிளந்திருக்கின்றன. போன வாரம் பேனா மாதிரி ஒரு கருவியை வாய்க்குள் காட்டிப் படம் எடுத்தார்கள். திரையில் தாடை கொஞ்சம் கொஞ்சமாக உருவாகி வந்தது. பயல் பாதியில் தூங்கியே போனான்.

நம் கயலுக்கு அப்படியா? அச்சு எடுக்கப் பசையைக் குழைத்து வாயில் அப்பி, இறுகும்வரை பிடித்திருந்தார்கள். பார்க்கத் தைரியமில்லாமல் நான் வெளியே இருந்தேன். அழுகை சட்டென்று நின்றது. வேலை முடிந்ததென்று கதவைத் திறந்தால், நீங்கள் அவள் உள்ளங்காலைக் கிள்ளிக்கொண்டிருந்தீர்கள். பிள்ளை வீறிட்டது.

"பச்சப் பிள்ளைய கிள்றீங்களே, நீங்கல்லாம் ஒரு அப்பாவா?" என்று எல்லார் முன்னாலும் கத்தினேன்.

வீட்டுக்குப் போகும் வழியில் தேக்கா சந்தையில் எனக்குப் பிடித்த, தேங்காய்ப்பூவும் சர்க்கரையும் தூவிய புட்டுமாயம் வாங்கினீர்கள். நான் தொடவில்லை. ஒரு வாரம் கழித்து, "ஏன் கிள்ளினீங்க? வாயில என்ன கொழுக்கட்டையா?" என்று கேட்டேன்.

"விடு லா, பிள்ளை நல்லாத்தானே இருக்கு" என்றீர்கள்.

நானா விடுவேன்? சுவா சூ காங்கிற்கு வீடு மாறிய பிறகும், சண்டை வந்தால் முதலில் அந்தக் கிள்ளலைத்தான் எடுப்பேன். கல்லுளிமங்கன் மாதிரி கேட்டுக்கொண்டிருப்பீர்கள்.

நீங்கள் கண்மூடிய பிறகும் நான் விடவில்லை. இன்றும் அந்தக் கதையை டாக்டர் பெண்ணிடம் சிரித்துக்கொண்டே சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

"ஆன்ட்டி, அப்பல்லாம் அச்சு எடுக்கறப்ப பிள்ளை அழுதுக்கிட்டே இருக்கணும். அழுதாதான் மூச்சு வருதுன்னு தெரியும். அழுகை நின்னா கால்ல தட்டுவாங்க, கிள்ளுவாங்க. ஸ்கேன்ல அந்தப் பயம் இல்ல."

அப்படியென்றால், நான் கதவைத் திறந்த அந்த நேரத்தில் நம் பிள்ளைக்கு மூச்சு நின்றிருந்தது.

இதைச் சொல்லியிருந்தால் நான் கயலின் மூக்கடியில் விரலை வைத்துக்கொண்டு தூங்காமலே கிடந்திருப்பேன் என்று உங்களுக்குத் தெரியும். அதனால்தான் கெட்ட அப்பா என்ற பேரை வாங்கிக்கொண்டு சும்மா இருந்தீர்கள். எனக்கு வெட்கமாக இருக்கிறது. உங்கள் மேல் கோபமும் வருகிறது. ஒருமுறையாவது திருப்பித் திட்டியிருக்கலாம்.

பேரன் இப்போது என் மடியில் தூங்குகிறான். அவன் மூக்கடியில் வைத்த விரலை எடுக்க மனம் வரவில்லை. இத்தனை வருடம் இந்தப் பயத்தை நீங்கள் தனியாக வைத்திருந்தீர்கள். இனி என்னிடம் இருக்கட்டும்.